அட்மின்களுக்கு ஒரு வார்த்தை

தேர்தல் நெருங்கினால் வாட்ஸ்அப் குழுக்களில் "இங்கே அரசியல் பேசக்கூடாது" என்று அறிவிப்பு வந்துவிடுகிறது. ரேஷன் அரிசி, குடிநீர், பேருந்துக் கட்டணம் எல்லாம் அரசியல் இல்லையா? அதைப் பேசாமல் ஓட்டு மட்டும் எப்படிப் போடுவது?

உறுப்பினர் போடும் தவறான பதிவுக்கு, அட்மின் என்பதற்காகவே ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு, குழுவில் யார் பதிவையும் நீக்கும் வசதி அட்மினுக்குக் கிடைத்தது.

எனவே பேச்சைத் தடுக்க வேண்டாம், வசையைத் தடுங்கள். கட்சியை, திட்டத்தை விமர்சிக்கலாம். ஆளையும் சாதியையும் இழுத்தால் நீக்குங்கள். அதை உங்கள் கட்சிக்காரரிடமிருந்து தொடங்குங்கள். தன் பிள்ளையையும் கண்டிக்கும் வாத்தியார் சொல்லுக்குத்தான் வகுப்பு அடங்கும்.