மதில்களுக்குச் சுங்கம் யார் கட்டுவது?

தமிழக எல்லையை ஒட்டிய அத்திபெலே சுங்கச்சாவடியில் வாகனங்கள் தேங்கும்போதெல்லாம் மக்கள்தொகையின்மீது பழி போடுவது ஆட்சியாளர்களுக்குப் பழகிப்போயிற்று. ஒசூர் சாலையின் இருபுறமும் ராகி விளைந்த நிலத்தில் இன்று மனைப்பிரிவுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி மதில், ஒற்றை வாயில், உள்ளே முட்டுச்சந்துகள். மதிலுக்கு அப்பால் நூறடியில் இருக்கும் பள்ளிக்குச் செல்லவும் பெருஞ்சாலைக்கு வந்து சுற்றவேண்டும். கார் உள்ளவருக்கு இது பெட்ரோல் செலவு. இரவுப்பணி முடித்துத் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளிக்கோ லாரிகளின் ஓரத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் நடை.

நகரம் வளர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்பது பொய். 1890-களில் இதே பெங்களூரில் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் உருவானபோது முதலில் தெருக்கள் குறிக்கப்பட்டன; மனைகள் பிறகே வந்தன. அங்கே எந்தத் தெருவும் அடுத்த தெருவில் போய்ச் சேரும். மன்னராட்சியால் முடிந்தது மக்களாட்சியால் ஏன் முடியவில்லை? பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் ஆகிய ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, 1975 முதல் மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளில் 90 சதவீதத்தில் புதிய தெருக்களின் இணைப்பு குறைந்துவருவதைக் காட்டுகிறது. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். ஒருமுறை தவறாக விழுந்த தெரு தலைமுறைகளுக்கும் மாறாது.

காரணம் எளியது. தெருவுக்கென விடும் ஒவ்வோர் அடியும் நிலவணிகருக்கு விற்காத அடி. அவர் சேமித்த தெருவின் சுமை முழுவதும் ஒரே சாலையில் இறங்குகிறது. அந்த நெரிசலைத் தீர்ப்பதாகச் சொல்லி 2010-ல் எலக்ட்ரானிக் சிட்டிக்கு மேம்பாலச் சாலை திறந்து, அங்கும் அத்திபெலேயிலும் தனியார் சுங்கம் வசூலிக்கிறார்கள். 2025-ல் பொம்மசந்திராவரை மெட்ரோ வந்தது, நல்லதே. நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடக்கத் தெரு வேண்டாமா?

பாதுகாப்புக்காகவே மதில் என்பார்கள். மதிலுக்குள் குடியேறிய நம் தோழர்கள் சிலரும் இதைச் சொல்வதுதான் வருத்தம். 2008-ல் உத்தப்புரம் தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதியை இடிக்கவைத்த இயக்கம் நம்முடையது. சாதியின் சுவரும் பணத்தின் சுவரும் ஒன்றல்ல. ஆனால், பொதுவழியை மறிப்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை.

சட்டமும் இங்கே மக்கள் பக்கம் நிற்கிறது. உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட மனைப்பிரிவுச் சாலைகளில் பொதுமக்களைத் தடுக்க முடியாது என்று பெங்களூரு வழக்கொன்றில் கர்நாடக உயர்நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனேக்கல் வட்டத்தில் அவ்வாறு ஒப்படைக்கப்பட்ட சாலைகளின் பட்டியலைக் கேட்டுப் பெறுவது கிளைகளின் உடனடி வேலை. எந்தெந்தச் சாலையில் வாயிலும் காவலாளியும் நிற்கிறார்கள் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே கணக்கெடுக்கலாம்.