அப்பா ஃபோர்மேன் அல்ல

திருத்தங்கலில் என் அப்பா தலைமுறைக்கு அப்பாவாக இருக்கக் கற்றுக்கொடுத்தவர் ஃபோர்மேன். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர்கள் அவர்கள். விடியுமுன் வண்டியேறி, இருட்டிய பிறகு வீடு திரும்பிய அந்தப் பிள்ளைகள் பகல் முழுக்கப் பார்த்த பெரியவர், எண்ணிக்கை குறித்துக்கொண்டு எதிரில் நின்றவர்தான். எண்ணிக்கை குறைந்தால் திட்டு, மறுபடி குறைந்தால் அடி. சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் இந்தப் பிள்ளைகளைப் பற்றியது. சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 டிசம்பர் 10இல். அப்போது நான் பள்ளிக்குப் போகக் காத்திருந்த குழந்தை. அப்பாவோ குழந்தைப் பருவத்தைத் தொலைத்து வெகுகாலம் ஆகியிருந்தது.

பிறகு அவர் பட்டாசு வேலைக்குப் போனார். எங்கள் பேச்சில் அது ஃபயர் ஆபீஸ். அங்கும் பீஸ் ரேட்டுதான். அலுமினியப் பவுடர் ஏறிய கை எத்தனை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் மினுங்கும். வீட்டுக்கு வந்ததும் அவருடைய முதல் கேள்வி, “எத்தன?” என் மதிப்பெண்ணைத்தான் கேட்கிறார். குறைந்தால் பெல்ட். “வெளிய எவனெவனோ சாதியச் சொல்லி அடிப்பான், இங்கயே பழகிக்க” என்பார். எங்கள் தெருவில் பல வீடுகளில் இதற்குப் பெயர் பாசம்.

அவரைக் கொடுமைக்காரர் என்று எழுதி முடித்துவிட எனக்கு மனமில்லை. பாசம் என்று சொல்லிக் கடந்துபோகவும் மனமில்லை. அடிவாங்கிப் பழகிய பிள்ளை சாதியை எதிர்த்து நிற்கும் என்ற அந்தக் கணக்கே தப்பு. 1901இல் தன்னைப் பார்க்க வரும்படி ராம்ஜி சக்பால் பிள்ளைகளை அழைத்தார். புதுச்சட்டை போட்டுக்கொண்டு சிறுவன் அம்பேத்கரும் மற்ற பிள்ளைகளும் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். வரும் தேதியைச் சொன்ன கடிதம் அப்பாவின் கைக்குச் சேராததால் அழைத்துப்போக ஆள் வரவில்லை. என்ன சாதி என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது. வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அன்பான அப்பாவாலும் எல்லா ஸ்டேஷனிலும் வந்து நிற்க முடியாது. ஆனால் சாதி கொடுக்கப்போகிற அடியை முன்கூட்டியே தான் கொடுத்துவிடாமல் இருக்க முடியும்.

அப்படி ஒருவர் என் சிறுவயதில் இருந்தார். பிரசில் வேலை பார்த்த தாய்மாமா. ஒருபக்கம் மட்டும் அச்சான வேஸ்ட் காலண்டர் தாள்களைத் தைத்து எனக்கு நோட்டு போட்டுத் தருவார். முன்பக்கம் முருகன், பின்பக்கம் என் கணக்கு. “எனக்கு வெளங்கல மாப்ள, நீ சொல்லிக்கொடு” என்று பக்கத்தில் உட்காருவார். கை ஓங்கியதே இல்லை. ‘இடங்கொடுத்துக் கெடுக்கிறான்’ என்று தெருவே பேசியது. ஆய்வு மாணவனாக இன்று நான் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் முதல் துணிச்சல் அந்த நோட்டில்தான் கிடைத்தது.

கீழ்ப்படியும் பிள்ளை சாதிக்கு வேண்டும். யாரோடு விளையாடலாம், யார் வீட்டில் சாப்பிடலாம் என்பதில் இன்று பணிகிற பிள்ளைதான் நாளை யாரைக் கட்டலாம் என்பதிலும் பணியும். அதனால்தான் மகள் மீது அப்பாவுக்கு உள்ள உரிமையில் சுயமரியாதை இயக்கம் கைவைத்தது. எங்கள் மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து சுக்கிலநத்தத்தில், 1928இல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அண்ணா ஆட்சி 1967இல் அதற்குச் சட்டம் கொண்டுவந்தது. தாரைவார்த்துக் கொடுக்க மகள் ஒரு பொருளல்ல என்பது அதன் சாரம். கல்யாண நாளில் அப்பாவிடமிருந்து பறித்த அந்த உரிமையை, மற்ற நாட்களிலெல்லாம் அவரிடமே விட்டுவைத்திருக்கிறோம்.

நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடைசெய்யச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. பள்ளி வாசலில் கயிற்றை அறுத்துவிடலாம். வீட்டில் அதைப் பார்த்துக்கொண்டு சோறு போட்ட அப்பாவிடம் கேட்பது யார்?

என் மகளுக்கு ஆறு வயது. என் வீட்டில் நான் வைத்திருக்கும் விதிகள் இரண்டு. காரணம் சொல்ல முடியாத ‘கூடாது’வை நான் சொல்லக் கூடாது. அவள் ‘மாட்டேன்’ என்றால் அது என் மானப் பிரச்சினை ஆகக் கூடாது. சில நாள் இதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. அந்த ஒரு மணி நேரம் எனக்கு வாய்த்தது, நான் மருந்து அறையில் உட்காராததால். பீஸ் ரேட்டுக்கு முதுகு ஒடிந்து திரும்புகிறவரிடம் போய்ப் பொறுமையாகப் பேசுங்கள் என்று குழந்தை வளர்ப்பு வீடியோக்கள் சொல்வது எளிது.

ஆகவே தோழர்களே, வேலைநேரமும் கூலியும் குழந்தை வளர்ப்பின் கோரிக்கைகள்தான். அவற்றைக் கேட்டுத் தெருவில் நிற்போம். அதே நாளில் வீட்டுக்குள் நம் குரல் யாருடைய குரலைப் போல ஒலிக்கிறது என்றும் கவனிப்போம். கூலி உயரும்வரை காத்திருக்காமல் இன்றே கீழே போட முடிந்தது ஒன்று உண்டு, அந்த பெல்ட்.