திரையில் தெரிகிறது, குழாய் நுழையவில்லை

ராபர்ட் மக்கின்டாஷ் தம் பெயர் கொண்ட வளைந்த பிளேடை 1943இல் அறிமுகப்படுத்தினார். அது எல்லாத் தொண்டைக்கும் போதாது என்பதும் அவருக்கே தெரிந்திருந்தது. 1949இல் பூஜியை வழிகாட்டியாக வைத்து அதன்மேல் குழாயை இறக்கலாம் என்று எழுதினார். நுனி வளைந்த, 60 செ.மீ. நீளமுள்ள இன்றைய வடிவம் 1970களில் வந்தது. வீடியோ லாரிங்கோஸ்கோப் வாங்கியதும் இந்தப் பழைய கருவியை அலமாரியின் அடித்தட்டுக்குத் தள்ளிவிடும் போக்கை ஏற்பதற்கில்லை.

வீடியோவின் பயனை மறுக்கவில்லை. கவலைக்கிடமான நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்து 2023இல் வெளியான ‘டிவைஸ்’ ஆய்வில், முதல் முயற்சியிலேயே குழாய் சென்றது வீடியோவில் 85.1 சதவீதம், நேரடிப் பார்வையில் 70.8 சதவீதம். ஆனால் அதிகம் வளைந்த பிளேடுகளின் சிக்கல் நாம் அறிந்ததே: குரல்நாண்கள் திரையில் பளிச்சென்று தெரியும், குழாயோ மூச்சுக்குழலின் முன்சுவரில் முட்டி நிற்கும். அந்தப் பிளேடுகளுக்கு அதே வளைவுள்ள விறைப்பான ஸ்டைலெட்தான் பொருத்தம். சாதாரண பூஜி வளைவைத் தக்கவைக்காது. கண் திரையிலேயே இருக்கக் கை ஸ்டைலெட்டைத் தள்ளினால் மென்அண்ணம் கிழியும். வாய்க்குள் நுழையும்வரை வாயைப் பார்க்க வேண்டும்.

குரல்வளை மூடி மட்டும் தெரியும் மூன்றாம் நிலைப் பார்வைதான் பூஜியின் களம். நுனியை மேல்நோக்கி வைத்து மூடியின் அடியில் செலுத்தினால் குருத்தெலும்பு வளையங்கள் ‘டிக் டிக்’ என்று விரலுக்குத் தட்டுப்படும். தடை தெரியும்வரை தள்ளிப் பார்க்கும் சோதனையில் அடக்கம் தேவை; ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பூஜிகள் சில மிகவும் விறைப்பானவை, மூச்சுக்குழலைக் காயப்படுத்தும். குழாயை இறக்கும்போது லாரிங்கோஸ்கோப்பை எடுத்துவிடுவது பரவலான தவறு. அதை அங்கேயே வைத்து, குழாயை இடப்புறமாக 90 பாகை திருப்பினால் பெரும்பாலும் வழி கிடைக்கும். எப்படிப் போட்டாலும் கடைசிச் சொல் கேப்னோகிராபியுடையது.

பூஜி பற்றிய இரண்டு ஆய்வுகள் முரண்படுவதுபோலத் தோன்றும். மினியாபொலிஸின் ஒரே அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கடினமான சுவாசப்பாதை கொண்டவர்களிடம் முதல் முயற்சி வெற்றி பூஜியால் 96 சதவீதம், ஸ்டைலெட்டால் 82. பல மருத்துவமனைகளில் நடந்த 2021 ஆய்விலோ பூஜி 80.4, ஸ்டைலெட் 83. வேறுபாடு இல்லை என்றே முடிவு. முதல் இடத்து மருத்துவர்கள் அன்றாடம் பூஜி பிடித்தவர்கள். என் கணிப்பில் விடையின் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது. நெருக்கடியில் மட்டும் கையிலெடுப்பவருக்கு அந்த 96 கிட்டாது. மானெக்வினில் பிளேடைச் சற்றே தளர்த்தி, மூன்றாம் நிலைப் பார்வையை வேண்டுமென்றே உண்டாக்கி முதுநிலை மாணவர்களைப் பழக்கலாம். இதற்குச் செலவே இல்லை.

அகில இந்திய கடின சுவாசப்பாதை சங்கத்தின் 2016 வழிகாட்டுதல், குழாய் போடும் முயற்சியை மூன்றோடு நிறுத்தச் சொல்கிறது. எல்லா வழியும் அடைபட்டுக் கழுத்தில் திறக்க வேண்டிவந்தால், பிரிட்டனின் 2015 வழிகாட்டுதல் கேட்பவை மூன்றே: 10ஆம் எண் ஸ்கால்பெல், பூஜி, 6 மி.மீ. கஃப் குழாய். மயக்க மருந்து ஏற்றுவதற்கு முன்பே இம்மூன்றும் தலைமாட்டு ட்ராலியில் இருக்கின்றனவா என்று பார்ப்பது மயக்க மருத்துவரின் பொறுப்பு. அதைச் செவிலியர் தலையில் கட்டக் கூடாது.