வீட்டுத் தோட்டம்: ஐந்து மாதத்து வாழை

சென்ற முறை கறிவேப்பிலை பற்றி எழுதியதும், "வாழை வைக்கலாமோ?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். வைக்கலாம். ஆனால் நீர்வேலிக் கணக்கு ரொறன்ரோவில் சரிவராது.

வாழைக்கு 27 பாகை செல்சியஸ் நல்ல சூடு. 14 பாகைக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். உறைபனி பட்டால் ஒரே இரவில் இலை கருகும். இங்கே மே நடுப்பகுதியிலிருந்து ஒக்ரோபர் தொடக்கம் வரை, ஏறக்குறைய ஐந்து மாதம்தான் வெளியில் விடலாம். வாழையோ முப்பது, நாற்பது இலை விட்ட பிறகே பொத்தி தள்ளும். ஆகவே இதரை, கப்பல் என்று தேடி அலையாமல், கெதியாய்க் குலை தள்ளும் குட்டை இனங்களைப் பாருங்கள். வெயின்ரே கோஹோல் மிக முந்தியது. கிடைக்காவிட்டால் ராஜபுரி, அல்லது குட்டைக் கவண்டிஷ். ஊரிலிருந்து பெட்டிக்குள் குட்டி கொண்டுவர நினைக்க வேண்டாம். மண் ஒட்டிய கன்றை விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறோம். முதல் வருடம் இலை கருகியதும் தண்டை அடியோடு வெட்டி, கிழங்கை மட்டும் காப்பாற்றினோம். மே மாதம் குட்டி வந்தது, அழகாய் வளர்ந்தது, மறுபடி வெட்டினோம். மூன்று வருடம் இப்படியே போனது. பொத்தி கிழங்கிலிருந்து தண்டுக்குள்ளால்தான் மேலே வருகிறது. தண்டு போனால் இலைக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். "தண்டை வெட்டாதையுங்கோ" என்று அம்மா முதலே சொன்னவர். நாங்கள்தான் கேட்கவில்லை.

இப்போது பெரிய சாடியில் வைத்திருக்கிறோம். வாடகை வீட்டில் இருப்போருக்கும் அதுவே புத்தி. நிலத்தில் நட்டால் வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போக வேண்டி வரும். செப்ரெம்பர் கடைசியில் விரிந்த இலைகளை வெட்டி, குருத்தை விட்டு, சாடியோடு நிலவறையின் குளிர்ந்த மூலைக்கு இறக்குகிறோம். பத்துப் பாகை போதும். தண்ணீர் மாதம் ஒரு தரம், அதுவும் கொஞ்சம். கூடினால் கிழங்கு அழுகும். மே மாதம் வெளியே எடுத்ததும் ஒரு வாரம் நிழலில் வையுங்கள், இல்லாவிட்டால் புது இலை வெந்துபோகும். பிறகு வெயில், பசளை, தாராளமாய்த் தண்ணீர். ஒடுங்கிய வாள் இலைக் குட்டி ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டுங்கள்.

இரண்டாம் கோடையில் எங்கள் வாழை பொத்தி தள்ளியது. ஒக்ரோபர் வந்தும் காய் முற்றவில்லை. இரண்டே சீப்பு. அம்மா பால்கறி வைத்தார்.