பழைய டவுனுக்கு யார் சாட்சி?



இதை அல் குசைஸ்ல எங்க ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதுறேன். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். விசிட் விசாவில் வந்திருக்கும் அம்மாயி கொண்டுவந்தது. உள்ளே ஒரு பிறப்புப் பத்திரம், கோயில் திருவிழாவுக்குக் காசு கட்டின ரெண்டு பற்றுச்சீட்டு, கடை வாசலில் எடுத்த ஒரு படம். அந்தக் கோயிலும் கடையும் இன்றைக்குத் தண்ணிக்குள்ளே.

அது பழைய மஸ்கெலியா டவுன். களனி கங்கையில் போய்ச் சேரும் மஸ்கெலியா ஓயாவை மறித்து, 1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் வந்தது. டவுன் மேட்டுக்குப் போனது. மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கும்போதெல்லாம் பழைய கோயிலும், விகாரையும், பள்ளிவாசலும் வெளியே தெரியும். சனம் பார்க்கப் போகும், படம் எடுக்கும். ரெண்டு நாள் செய்தி, அவ்வளவுதான்.

அணைக்கான கணக்கு ஒழுங்காக இருக்கு. எத்தனை அடி தண்ணீர், கெனியன் மின்நிலையத்தில் 60 மெகாவாட் என்று எல்லாம் எழுதி வைத்திருக்காங்க. ஆனால் கடைத்தெருவில் யார் கடைக்குப் பக்கத்தில் யார் கடை, சம்பள நாளில் எந்தத் தோட்டத்துச் சனம் எங்கே கடன் வாங்கியது, இதெல்லாம் அம்மாயி மாதிரி ஆட்களிடம் மட்டும்தான் இருக்கு.

அந்தக் காலத்தை நினைச்சுப் பாருங்க. 1948 சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1949இல் வந்த சட்டத்தின்படி திரும்பப் பெறணும்னா, 1946க்கு முன் தொடர்ந்து ஏழு வருஷம், கல்யாணம் ஆகாதவர் பத்து வருஷம், அங்கே வாழ்ந்ததை நிரூபிக்கணும். லயத்தில் வாழ்ந்தவங்களிடம் காகிதம் கேட்டது அரசு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னது. ஆட்களைத் தலை எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் டவுனும் மூழ்கியது.

1965இல் வேல்ஸில் கேப்பல் செலின் என்ற ஊரை, லிவர்பூல் நகரத்தின் தண்ணீருக்காக மூழ்கடித்தார்கள். வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட அந்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. அப்படியும் தோற்றார்கள். ஆனால் 2005இல் லிவர்பூல் மாநகர சபை மன்னிப்புக் கேட்டது. ஞாபகத்தை விடாமல் பிடிச்சிருந்ததால்தான் அது நடந்தது. நம்ம பக்கம் கணிசமானவர்களுக்கு அப்போது வாக்கே இருக்கவில்லை.

"கரண்ட் வேண்டாமா?" என்று கேட்பவர்கள் இருக்காங்க. வேணும்தான். ஆனால் மலையில் இருந்து கரண்ட் கொழும்புக்குப் போன பிறகும், அந்த மலையின் பல லயங்கள் குப்பி விளக்கில்தான் பல வருஷம் இருந்தன. யார் கொடுத்தது, யார் பெற்றது என்று கேட்கத்தான் ஆவணம் வேணும்.

எனக்கு இது தூரத்து விஷயம் இல்லை. நான் பிறந்தது துபாய். பிறந்தேன் என்பதற்காக இந்த ஊர் என்னுடையது ஆகாது. அப்பாவுக்கு வேலை இருக்கும்வரை எங்களுக்கு இங்கே வீடு. அதே தோட்டங்களில் இருந்து வந்த அக்காமார் இங்கே வீட்டு வேலை செய்யுறாங்க. அவங்க பாஸ்போர்ட்டுகூடப் பலசமயம் அவங்க கையில் இல்லை. காகிதம் யார் கையில் இருக்கோ, அதிகாரமும் அங்கேதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவங்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவு பண்ணுங்க. "எப்படி இருந்தது ஊர்?" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் வரும். "பஸ்ஸை விட்டு இறங்கினா முதல் கடை யாருது?" என்று கேளுங்க. பற்றுச்சீட்டு, கல்யாணப் பத்திரிகை, செக்ரோல் துண்டு, எதுவானாலும் முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கேன் பண்ணிட்டு மூலத்தைத் திருப்பிக் கொடுத்துடுங்க. அனுமதி கேளுங்க. அடையாள அட்டை எண்ணை மறைத்துவிடுங்க. முக்கியமா, ஒரு பிரதி மஸ்கெலியாவிலேயே, ஒரு பள்ளிக்கூடத்திலோ வாசிகசாலையிலோ இருக்கணும். தமிழரோடு சிங்கள, முஸ்லிம் குடும்பங்களின் பதிவுகளும் அதில் சேரணும், டவுன் எல்லாருடையதும்தான். எல்லாத்தையும் நம்ம ஹார்ட் டிஸ்கில் பூட்டி வைத்தால், எடுத்துக்கொண்டு போனவர்களின் வரிசையில் நாமும் சேர்ந்துவிடுவோம்.

அம்மாயிக்கு வியாழக்கிழமை ஃபிளைட். கடைத்தெருவின் இடதுபக்கம் வரைந்து முடிச்சாச்சு. வலதுபக்கம் இன்னும் நாலு கடை பாக்கி.

தோழமையுடன்.