மணிக்கும் கிறிஸ்துமஸ் உண்டு



என் பேத்திக்கு ஏழு வயது. நாய் மணி இல்லாமல் அவளுக்குக் கிறிஸ்துமஸ் இல்லை. குடிலுக்கு வைக்கோல் பரப்பினால் முதலில் அவன்தான் படுப்பான். விரட்டப் போனால், "மாடும் கழுதையும் இருக்கலாம், மணி இருக்கக் கூடாதா தாத்தா?" என்பாள். நியாயம்தான். 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் நிஜ மாடும் கழுதையும் நின்றன.

போன வருடம் தன் பிளம் கேக்கில் பாதியை அவனுக்கு ஊட்டப் போனாள். தடுத்தேன். அழுதாள். "ஆசைப்படுகிறாள், ஒரு துண்டுதானே" என்றார்கள் வீட்டில். உலர்திராட்சை கொஞ்சம் போனாலும் சில நாய்களுக்குச் சிறுநீரகமே செயலிழந்துவிடும். சாக்லேட்டும் நஞ்சுதான். இதைப் பொறுமையாகச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வந்த விருந்தாளிகளிடமெல்லாம், "மணிக்குக் கேக் கொடுக்காதீங்க" என்று காவல் நின்றவள் அவள்தான். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறியை எலும்பு நீக்கி அவனுக்கு வைத்தாள். பூசை முடிந்து தெருவில் வெடி தொடங்கியதும் ஜன்னலைச் சாத்திவிட்டு, நடுங்கிய அவனோடு கட்டிலுக்கடியில் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் அழுவார்கள் என்று பயந்து எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். வெறுமனே "கூடாது" என்று அதட்டவும் வேண்டாம். காரணத்தைச் சொல்லி, பொறுப்பையும் கையில் கொடுங்கள். அன்பு வைக்கத் தெரிந்த பிள்ளைக்குப் பார்த்துக்கொள்ளவும் தெரியும்.

வெடி போடுகிறவர்கள் இந்த வருடம் கொஞ்சம் தள்ளிப் போய்ப் போடுங்கள். எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.