மயில்துத்தம் வேண்டாம் சார்!

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனவர்களுக்குச் சரவணப் பொய்கையைத் தெரியாமல் இருக்காது. மலையடிவாரத்தில் முழுக்கு, அப்புறம் காவடியோடு படியேற்றம், மூன்று நாள் தெப்பம் எல்லாம் அங்கேதான். இந்த மாதிரிக் குளம் எந்த ஊரில் பச்சை பெயின்ட் நிறத்துக்கு மாறினாலும், கரையில் நிற்கும் ஒரு ஆசாமி கட்டாயம் கேட்பார்: "ஏன் சார், ஏதாவது மருந்தைக் கொட்டிக் கொல்லக் கூடாதா?"

கூடாது. காரணம் சொல்கிறேன்.

பாசிக்கு மூன்று சமாசாரம் வேண்டும். வெயில், ஓடாத தண்ணீர், சாப்பாடு. முதல் இரண்டும் தானாகக் கிடைத்துவிடும். மூன்றாவது நம் உபயம். சோப்பு நுரை, ஷாம்பு, மிச்சப் பிரசாதம், வாடின மாலை, சத்தம் போடாமல் வந்து சேரும் சாக்கடை. இதில் முக்கியமான புள்ளி பாஸ்பரஸ். 1973-இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குக் கார்பன், நைட்ரஜன். மறு பாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேல்! ஆகாயத்திலிருந்து எடுத்த அந்த போட்டோ உலகப் பிரசித்தம்.

மயில்துத்தம் போட்டால் பாசி சாகும், வாஸ்தவம்தான். செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜன் காலியாகி, விடியற்காலையில் மீன்கள் மல்லாந்து மிதக்கும். சாப்பாடு அதே குளத்தில் இருப்பதால் அடுத்த பந்திக்குப் புதுப் பாசி ரெடி. தாமிரம் சேற்றில் தங்கிவிடும். நீலப்பச்சைப் பாசியாக இருந்தால் இன்னும் வம்பு. சிலவற்றின் உள்ளே விஷம் உண்டு. செல் உடைந்தால் வெளியே வரும். 2014-இல் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் குழாய்த் தண்ணீரில் அது கலந்து, நான்கு லட்சம் பேருக்கு "குடிக்காதே" என்று உத்தரவு. காய்ச்சினாலும் போகாத விஷம்!

அடுத்த வில்லன் ஆகாயத் தாமரை. சொந்த ஊர் தென் அமெரிக்கா. பூ அழகாக இருக்கிறதே என்று போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்கு வந்தது. வசதி கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். இருபது வாரத்தில் ஒன்று ஆயிரத்து இருபத்து நாலு. (நம் சம்பளத்துக்கு ஏன் இந்த புத்தி வரவில்லை?) "பாதிக் குளம்தானே" என்று கமிட்டி போட்டால், மினிட்ஸ் டைப் ஆகி வருவதற்குள் முழுக் குளம்.

1982-இல் இதைத் தின்னும் கூன்வண்டுகளைப் பெங்களூருக்கு வரவழைத்தார்கள். நன்றாகவே தின்றன. ஆனால் சாக்கடை நிற்காத ஊரில் வண்டு என்ன செய்யும், பாவம்? அதே ஊரின் பெல்லந்தூர் ஏரி 2015-இல் நுரை பொங்கித் தீயே பிடித்தது.

சரி, என்னதான் செய்வது?

முதலில் சாக்கடை வரும் வாயை அடைக்க வேண்டும். களையைப் பூ விடுவதற்கு முன்னால் கையால் வாரி, கரையைத் தாண்டிக் கொண்டுபோய் எருக்குழியில் போட வேண்டும். படிக்கட்டிலேயே குவித்தால் ஒரு மழையில் சத்தெல்லாம் மறுபடி உள்ளே. கோடையில் தூர் வார வேண்டும். பாஸ்பரஸின் லாக்கர் சேறுதான். தண்ணீருக்கு அடியில் வளரும் வேலம்பாசிக்குப் புல்கெண்டை மீன் விடலாம். பச்சைத் தண்ணீரை மட்டும் அது தெளிய வைக்காது.

இதெல்லாம் ஒரு நாள் கூத்து இல்லை, வருஷா வருஷம் செய்ய வேண்டியது. நம்மவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். உத்திரமேரூரில் 919, 921-ஆம் ஆண்டுச் சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், குடவோலையில் தேர்வு, பதவி 360 நாள். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் சொந்தக்காரனும் நிற்க முடியாது. (யாரோ இருமுகிறார்கள்.)

எல்லாப் பச்சையும் எதிரியும் இல்லை. திருத்தணி மலைக்கு நீலோற்பலகிரி என்றொரு பெயர் உண்டு. இந்திரன் இங்கே சுனையில் கருங்குவளை நட்டான் என்கிறது தலபுராணம். அல்லி, குவளை இலைகள் ஓரளவு மூடினால் வெயில் குறைந்து பாசியும் அடங்கும். இந்திரனுக்குத் தோட்டக்கலை தெரிந்திருக்கிறது.

ஆகவே, அடுத்த கிருத்திகைக்கு ரயிலேறும் நண்பர்களே, முழுக்குப் போடுங்கள். சோப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முருகனுக்கு மயில் போதும், மயில்துத்தம் வேண்டாம்.